கொட்டாங்கச்சி வெளிச்சத்தில் கல்லறைத் திருநாள்

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலை. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்துக்கு அருகே சுற்றுலா வேன்கள் வரிசைகட்டி நிற்கும். பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய சுவர்கள் மட்டும் மிச்சம். மேலே கூரை இல்லை. "இதுதான் பேய் நகரமாப்பா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "ஆமா, ராத்திரி இங்க யாரும் தங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அப்பாக்கள் செல்ஃபி எடுப்பார்கள்.

பக்கத்திலேயே சங்கு, சோழி மாலைகளைப் பரப்பி வைத்து விற்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்களுக்கு இது முன்னோர் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகுதான் 'பேய் நகரம்' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

பூசணிக்காய் நமக்குப் புதுசா?

அக்டோபர் 31 வந்தால் சென்னை, பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது ஹாலோவீன் களைகட்டுகிறது. பிளாஸ்டிக் எலும்புக்கூடு, சிலந்திவலை, பூசணி விளக்கு என்று ஆன்லைனில் நூறு நூறாகச் செலவாகிறது.

ஹாலோவீன் என்ற சொல்லுக்கு, புனிதர் திருநாளுக்கு முந்தைய மாலை என்று பொருள். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் நாள். நவம்பர் 2 இறந்தவர்கள் அனைவரையும் நினைக்கும் நாள். அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போனபின் அந்த இடத்தைப் பூசணி பிடித்தது.

ராமநாதபுரத்துக்காரருக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கட்டி முடிக்காத வீட்டின் முன் கோரைப்பல்லோடு தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காயும், கொல்லையில் பழைய சட்டை போட்டு, சட்டிப்பானைத் தலையில் சுண்ணாம்புப் புள்ளி வைத்த பொம்மையும் அவர் வளர்ந்த ஊரின் அலங்காரங்கள்தான். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

நவம்பர் 2, பாம்பன் கரை

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முன்னதாகவே புல் செதுக்கி, மண் கூட்டி, கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். அன்றைக்குச் செவ்வந்தியும் ரோஜா இதழும் தூவி, ஊதுவத்தி கொளுத்தி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். குருவானவர் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பாட்டி படுத்திருக்கும் இடத்தில் பேரன் விளக்கு வைக்கிறான், அவ்வளவுதான்.

இதே தீவில் அமாவாசைதோறும் அக்னி தீர்த்தக் கரையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். மதம் வேறானாலும் வருவது அதே காரணத்துக்குத்தான்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குக் கல்லறை இல்லை. உடல் கரைக்கு வந்தால்தானே புதைக்க? கல்லறைத் திருநாளின் ஜெபம் பெயர் தெரியாதவர்களையும் சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. அந்த ரயிலில் போனவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

வீட்டிலேயே செய்யலாம்

இந்தக் கரையில் கிடைக்கும் பொருட்களை வைத்தே பிள்ளைகளோடு அலங்காரம் செய்யலாம்.

*கொட்டாங்கச்சி விளக்கு:* கொட்டாங்கச்சியின் நாரைச் சுரண்டி, செங்கல்லில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அடியில் ஆடாமலிருக்க ஒரு துணி வளையம் வையுங்கள். பாதிவரை ஈர மணல் நிரப்பி, குட்டையான மெழுகுவத்தியை நடுவில் ஊன்றுங்கள். நவம்பர் மழைக்காலம், காற்று பலமாக இருந்தால் கண்ணாடி டம்ளரில் மணல் போட்டு ஏற்றலாம்.

*ஓலைக் காற்றாடி:* பனையோலையில் இரண்டு விரல் அகலத்தில் இரண்டு துண்டுகள் கிழித்து, ஒன்றோடொன்று கோத்து நான்கு சிறகு வருமாறு மடியுங்கள். நடுவில் கருவேல முள்ளைக் குத்தி ஒரு குச்சியில் செருகினால் போதும். முள் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை முடைந்து பழகிய கைகள் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

*சோழித் தோரணம்:* கடைகளில் கிடைக்கும் சின்னச் சின்னச் சிப்பிகளை வாங்கி, நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். காற்றடித்தால் சலசலக்கும். பவளத் துண்டுகளை மட்டும் கடலோரத்திலிருந்து எடுக்கக்கூடாது, வாங்கவும் கூடாது. பவளமும் சில சங்கு வகைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

ஓலைக்கும் நெருப்புக்கும் பகை. காற்றாடி ஒரு பக்கம், விளக்கு இன்னொரு பக்கம் இருக்கட்டும்.

போகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைவரை பேருந்து உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே போய்த் திரும்பிவிட வேண்டும். மாலைக்குமேல் அங்கே யாரையும் விடுவதில்லை. கடலில் இறங்காதீர்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அடுத்தமுறை பிள்ளை "பேய் நகரமா?" என்று கேட்டால், இங்கே ரயில் நிலையம் இருந்தது, தபால் நிலையம் இருந்தது, கோயில் இருந்தது, உன்னைப்போலப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் இருந்தது என்று சொல்லலாம். இலங்கைக்கு இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள் என்றும் சொல்லலாம். பிள்ளை இன்னும் நிறையக் கேட்கும். கேட்கட்டும்.