நார்மண்டியில் பூனைக்கண் தேடுகிறார்கள்!

ஜூன் முதல் வாரம் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரைப் பக்கம் போனால், காலம் 80 வருஷம் பின்னால் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்துவிடும். குறுகலான கிராமத்துச் சாலைகளில் வரிசையாக ராணுவ ஜீப்கள்! 1944 ஜூன் 6-ம் தேதி நேச நாட்டுப் படைகள் இங்கேதான் கரையிறங்கின. அந்த நாளை நினைவுகூர, போர்க்கால வண்டிகளைப் புதுப்பித்து வைத்திருப்பவர்கள் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள்.

சாந்த்-மேர்-எக்லீஸ் என்ற சிற்றூரில், தேவாலயக் கோபுரத்தில் பாராசூட்டோடு தொங்கும் வீரர் பொம்மையை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் குனிந்து, கீழே நிற்கும் ஜீப்பின் பின்பக்க விளக்கைப் பாருங்கள்.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் விளக்கு. அதில் சின்னச் சின்னத் திறப்புகள். பெயர், 'பூனைக்கண்'. ராத்திரியில் வெளிச்சம் தெரிந்தால் விமானம் குண்டு போடும். அதனால் ஹெட்லைட் இல்லாமல்தான் வண்டிகள் வரிசையாகப் போக வேண்டும். முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதைச் சொல்வதுதான் பூனைக்கண். 180 அடிக்கு அப்பால் ஒரே புள்ளியாகத் தெரியும். நெருங்கினால் இரண்டு. 60 அடிக்குள் வந்துவிட்டால் நான்கு. இரண்டு தெரிந்தால் சரியான இடைவெளி. நான்கு தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்!

பிரிட்டிஷ் லாரிகளில் வேறு யோசனை. பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மறைவாக ஒரு சின்ன பல்பு வைத்தார்கள். பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளையைப் பார்த்தே ஓட்டுவார்.

போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்கள் தயாராகின. ஆனாலும் சரியான விளக்கு கிடைப்பது லேசில்லை. போர் முடிந்து ஜீப்கள் சாதாரண மக்கள் கைக்கு வந்ததும், இந்த மங்கல் விளக்கு யாருக்கு வேண்டும்? கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொண்டார்கள்.

பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் அதே ஜாடையில் விளக்குகள் கிடைக்கும். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். போர்க்கால ஜீப் 6 வோல்ட். 1950-ல் வந்த எம்-38 ஜீப் 24 வோல்ட். அதன் பல்பை இதில் போட்டால் மினுக்கென்றுகூட எரியாது. இடது முன் மட்கார்டில் இருக்கும் மங்கல் விளக்கும் அப்படித்தான். அது பிறகு சேர்த்தது. ஆரம்பகால ஜீப்பில் மாட்டினால், விவரம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபோர்டு தயாரித்த ஜீப் என்றால் போல்ட்டில்கூட 'எஃப்' எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள்!

ஒரு விளக்குக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். ஹெட்லைட் இல்லாமல், தெரியாத ஊரில், நடு ராத்திரியில் வண்டி ஓட்டிய இளைஞர்களுக்கு அந்தச் சிவப்புப் புள்ளிகள்தான் துணை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பளிச்சென்று ஒன்றை மாட்டினால் ஜீப் அழகாக இருக்கும். அவர்கள் பட்ட பாடு மட்டும் தெரியாமல் போய்விடும்.

அடுத்த முறை எந்த மியூசியத்தில் பழைய ஜீப்பைப் பார்த்தாலும், செல்ஃபி எடுத்த கையோடு பின்பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.