தெளிந்து தேர்தல்

பங்குப்பேரவைச் செயலர் பொறுப்பில் நீடிப்பதா, விலகுவதா? தொடரத் தூண்டுவது தூய ஆவியாரா, என் பிடிவாதமா? இக்கலக்கத்தோடுதான் கொல்லிமலை ஏறினேன்.

அங்கே மறைபணியாளர் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லினும் அருகருகே துயில்கின்றனர். 1929இல் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. எழுபதை நெருங்கிய ஈவ்லினை ஓய்வுபெறுமாறு அவர்தம் சபை பணித்தது. ஓராண்டு மட்டும் தவணை கேட்டார். அது முடிந்ததும் பதவியைத் துறந்து, தாமாகவே மலைக்குத் திரும்பினார். 1974இல், 95ஆம் வயதில் இறக்கும்வரை மலைமக்களுக்கே வாழ்ந்தார். சபை வேறாயினும், பாடம் நமக்கும் உரியது.

1521இல் காயமுற்றுக் கிடந்த இஞ்ஞாசியாருக்குப் புகழ்க்கனவுகள் இனித்துப் பின் வறட்சியையே தந்தன. இறைப்பணி பற்றிய எண்ணமோ நிலைத்த மகிழ்ச்சி அளித்தது. பிடிவாதமும் அழைப்பும் ஒரே குரலில் பேசலாம். ஆனால் பிடிவாதம் பதவியைப் பற்றிக்கொள்ளும். அழைப்பு அதனை இழந்தும் பணியைப் பற்றிக்கொள்ளும்.

கல்லறையருகே என்னையே கேட்டேன்: பெயரும் நாற்காலியும் இல்லாவிடினும் எதைச் செய்வேன்? நோயுற்றோரைச் சந்திப்பேன், கூட்டங்களுக்குப் போகமாட்டேன்.

செயலர் பொறுப்பைத் துறந்தேன். சில நாள் வலித்தது, உண்மைதான். ஆயினும் நோயாளியின் கட்டிலருகே அமரும்போது உள்ளம் அமைதி கொள்கிறது. அந்த அமைதி வீடு திரும்பிய பின்னும் நீங்குவதில்லை.