முடியாத ஆட்டத்தின் நியாயம்

சீட்டாட்டப் போட்டியில் நடுவராக நிற்பவனுக்கு விதிகளை மனப்பாடம் செய்வது பெரிய வித்தை அன்று. நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் ஒரு மேஜையில் மட்டும் சீட்டுகள் பாதி விழுந்தும் பாதி கைகளில் மிஞ்சியும் இருக்க, நான்கு பேரும் ஏககாலத்தில் தன்னை ஏறிட்டுப் பார்க்கும்போது, ஒருவருக்கும் அநியாயம் நேராதபடி என்ன சொல்வது என்று அறிந்திருப்பதே அவனுக்கு வேண்டிய வித்தை. பணம் வைத்து ஆடுவதை நான் இங்கே பிரஸ்தாபிக்கவில்லை. புத்தியையும் ஞாபகசக்தியையும் மட்டுமே நம்பி ஆடும் போட்டிகளையே கருதுகிறேன்.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஆடப்படும் முந்நூற்று நான்கை எடுத்துக்கொள்வோம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள். நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்டவர் குறித்த துருப்பு ஆரம்பத்தில் கவிழ்ந்தே கிடக்கும். அந்த நிலையில் ஆட்டத்தை நிறுத்தி, விழுந்த சீட்டுகளை எண்ணித் தீர்ப்புச் சொன்னால், அவசரப்பட்டு ஜாக்கியை இறக்கியவர் வென்றவராகவும், தக்க சந்தர்ப்பத்துக்காகத் துருப்பைக் காத்து வைத்தவர் தோற்றவராகவும் தோன்றுவர். விவேகத்துக்குத் தண்டனையும் அவசரத்துக்குப் பரிசும் வழங்கும் தீர்ப்பு எப்படி நியாயமாகும்? எங்கள் எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிறவர், ஒரே பாவில் துண்டுகளைத் தொடர்ந்து நெய்துகொண்டு போனாலும், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஊடை ஓடாமல் விட்ட இடத்தில்தான் அறுப்பாரேயன்றி நெய்த துணியின் நடுவில் கத்தரி வைக்கமாட்டார். சீட்டுப் போட்டியிலும் காலம் வெட்ட வேண்டிய இடம் ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையில் உள்ள அந்த இடைவெளியே என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிரிட்ஜ் ஆட்டத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். போட்டி பிரிட்ஜில் ஒரு முறை பகிர்ந்த 52 சீட்டுகளும் கலைக்கப்படாமல், நான்கு அறைகள் கொண்ட பலகையில் செருகப்பட்டு மேஜைக்கு மேஜை பயணம் செய்கின்றன; ஒரே கையைப் பல ஜோடிகள் ஆடி, ஒருவரோடொருவர் ஒப்பிடப்படுகின்றனர். இரண்டு கைகளுக்குப் பதினைந்து நிமிஷம் என்பது பொதுவான கணக்கு. தொடங்கிய கையை முடிக்கவிட்டு, தொடங்காத கையை நிறுத்திவிடுவதே நடுவரின் வழக்கம். ஆடமுடியாமற்போன கைக்குத் தவறற்ற ஜோடிக்குக் குறைந்தபட்சம் 60 சதவீதம், ஓரளவு பொறுப்புடைய ஜோடிக்கு 50, நேரடிக் காரணமான ஜோடிக்கு அதிகபட்சம் 40 என்று விதி வகுத்திருக்கிறது. ஆடாத ஆட்டத்துக்கு வெற்றி தோல்வியைக் கற்பிக்காமல், பொறுப்பை மட்டும் நிறுத்துப் பார்க்கும் இந்த ஏற்பாட்டின் நிதானத்தை நான் எத்தனையோ தடவை மனமார வியந்திருக்கிறேன்.

சதுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிகாரம் உண்டு. தாமதிப்பவர் தம் சொத்தையே செலவழிக்கிறார். சீட்டு மேஜையிலோ காலம் நால்வருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் தயங்கினால் மற்ற மூவரின் அவகாசமும் கரைகிறது. அங்கே தனிக் கடிகாரம் வைப்பதும் எளிதல்ல. ஒருவர் யோசிக்கும் மௌனமே அவருடைய கூட்டாளிக்கு ஒரு செய்தியாகிவிடும் என்பதால், அந்தச் செய்தியைப் பயன்படுத்தலாகாது என்று பிரிட்ஜ் விதி தடுக்கிறது. யோசிப்பது உரிமை, எதிரியைக் குழப்புவதற்காகத் தாமதிப்பது குற்றம். இரண்டையும் பிரித்தறிய நடுவர் மணி அடித்த பிறகு வந்து நின்றால் போதாது. ஆரம்பம் முதலே மேஜைகளைச் சுற்றி வந்து, பின்தங்கும் இடத்தை முன்கூட்டியே கண்டு எச்சரிக்க வேண்டும்.

அப்படியானால் வரம்பே இல்லாமல் ஆடவிட்டால் என்ன என்று கேட்பாரும் உண்டு. 1984 செப்டம்பரில் தொடங்கிய கார்ப்பவ், காஸ்பரவ் இருவரின் உலகச் சதுரங்கப் போட்டி, முதலில் ஆறு வெற்றி பெறுபவருக்கே பட்டம் என்ற நியதியால் 48 ஆட்டங்கள் வரை நீண்டு, 1985 பிப்ரவரியில் முடிவின்றியே நிறுத்தப்பட்டது. அடுத்த போட்டிக்கு 24 ஆட்டங்கள் என்று எல்லை கட்டினார்கள். இந்த இடர்ப்பாட்டுக்கு இன்னொரு பரிகாரம், ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1993-இல் வெளியிட்ட மேஜிக் சீட்டாட்டத்தின் போட்டிகளில் காணப்படுகிறது. இருவர் மோதும் சுற்றில் வழக்கமான 50 நிமிஷம் கடந்தபின் மேலும் ஐந்து முறை ஆட அனுமதித்து, அப்போதும் முடியாத ஆட்டத்தைச் சமநிலை என்பார்கள். ஆனால் நால்வர் தனித்தனியே பகைத்து ஆடும் வகையில் சமநிலை ஆபத்தானது. ஒருவர் ஜயிக்கும் தறுவாயில் இருக்கையில், மற்ற மூவருக்கும் நேரத்தை இழுத்தடிப்பதே லாபமாகிவிடுகிறது.

ஆகையால் பண்டிகை நாட்களில் போட்டி நடத்த முன்வரும் நம் ஊர் இளைஞர்களுக்கு நான் வற்புறுத்துவன நான்கு: மணி அடித்தபின் புதுக் கை போடக் கூடாது, போட்ட கையை முடித்தே தீரவேண்டும், ஒவ்வொரு கை முடிந்தவுடனும் இரு தரப்பும் புள்ளிகளை ஒப்புக்கொண்டு எழுதிவிட வேண்டும், புள்ளிகள் சமமானால் என்ன செய்வது என்பதை ஆரம்பத்திலேயே சபையறிய வாசித்துவிட வேண்டும். மணி அடித்தபின் யோசிக்கப்படும் விதி எவ்வளவு நல்லதானாலும் அதில் யாரேனும் ஒருவருடைய லாபம் கலந்துவிடும். சீட்டைக் கலைப்பதற்கு முன் எழுதிய விதிக்கோ எவர் கைக்கு எது வரும் என்பது தெரியாது, ஆதலால்தான் தோற்றவரும் அதற்கு மனம் கோணாமல் கட்டுப்படுகிறார்.