பெயரை மறைத்துக் கேட்டல்

கடந்த ஆண்டு வரை என் காதின் மீது எனக்குச் சற்று மிகையான நம்பிக்கை இருந்தது. அதைக் குலைத்தது ஓர் இசைக்கருவி: பெடல் ஸ்டீல் கிட்டார்.

ஐதராபாத்தில் ஒலியியல் ஆய்வு செய்கிறேன். இரவில் விடுதி அறையில் அமெரிக்கக் கன்ட்ரி இசை கேட்பது வழக்கம். 1954இல் புகழ்பெற்ற வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடலில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் மிதியை அழுத்திச் சுருதியை ஏற்றினார். ஒரு சுரம் அசையாது நிற்க, அடுத்த சுரம் அதனருகே வழுக்கி மேலேறும் அந்த ஓசையே பின்னர் அக்கருவியின் அடையாளமாயிற்று. உயிரொலிகளின் நழுவலை நிறமாலை வரைபடத்தில் பார்த்துப் பழகிய எனக்கு அது உடனே பிடித்துப்போனது.

அதன் பொறியமைப்பைப் பற்றித் தேடிப் படித்தேன். தந்தியின் ஒரு முனை, ‘விரல்’ எனப்படும் சிறு உலோகத் துண்டின்மேல் வளைந்து செல்கிறது. மிதியை அழுத்தினால் கம்பிகளும் நெம்புகோல்களும் அவ்விரலைத் திருப்புகின்றன. தந்தியின் இழுவிசை மாறுகிறது. 1960களின் எம்மன்ஸ் கருவிகளில் இருந்த ‘புஷ்-புல்’ அமைப்பு இழுத்தும் தள்ளியும் இயங்கியது; அதைச் சரிசெய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ‘ஆல்-புல்’ அமைப்பிலோ சுருதியை ஏற்றவும் இறக்கவும் இழுவை மட்டுமே. பக்கவாட்டிலுள்ள திருகுகளைத் திருப்பிச் சுருதி சேர்த்துவிடலாம். பின்னாளில் எம்மன்ஸ் நிறுவனமும் ஆல்-புல்லுக்கு மாறியது. வசதி வந்தது, பழைய தொனி போயிற்று என்று வாதிடும் இசைஞர்கள் இன்றும் உண்டு.

அவ்வாதத்துக்கு இயற்பியல் அடிப்படை இல்லாமலில்லை. தந்தியின் முனை எத்தனை இணைப்புகளைக் கடந்து கருவியின் உடலைத் தொடுகிறது, அவை எவ்வளவு இறுக்கமாக உள்ளன என்பதைப் பொறுத்து அதிர்வாற்றல் கசியும். மேற்சுரங்கள் தேயும் வேகமும் மாறக்கூடும். ஆனால் பிக்கப், தந்தியின் தடிமன், ஆம்ப்ளிஃபயர், எல்லாவற்றுக்கும் மேலாக வாசிப்பவரின் கை ஆகியவையும் தொனியை மாற்றுவனவே. மிதியை அழுத்துகையில் கருவியின் உடல் நுண்ணளவில் வளைந்து, மிதியால் மாறாத தந்திகளின் சுருதியும் சற்று இறங்குவதுண்டு. அதைச் சுருதிமானியில் அளந்துவிடலாம். தொனியை ஓர் எண்ணில் அடக்குவது அத்தனை எளிதன்று.

இவ்வளவும் படித்த பிறகும், “புஷ்-புல் என்றால் முதல் சுரத்திலேயே சொல்லிவிடுவேன்” என்று ஆய்வகத் தோழியிடம் பெருமை பேசினேன். அவள் மறுக்கவில்லை. மறுநாள் இருபது சிறு ஒலித்துண்டுகளைப் பெயரின்றி அனுப்பினாள். பதினொன்றைச் சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு கிடைத்திருக்கும். வெவ்வேறு கலைஞர்கள், வெவ்வேறு பதிவுக்கூடங்கள் என்பதால் அது முறையான சோதனை அன்று. அது கருவிகளைப் பற்றி எதையும் நிறுவவில்லை. என்னைப் பற்றி நிறுவியது. அதுவரை நான் கேட்டதாக நினைத்தது பாதி தொனி, பாதி கருவியின் பெயர்.

இது நம் துறைக்குப் புதிதன்று. டெட்ராய்ட்வாசிகளிடம் ஒரே பேச்சாளரின் உயிரொலியைக் கொடுத்து, சிலருக்குக் கனடியர் என்றும் சிலருக்கு மிச்சிகன்காரர் என்றும் குறிப்பிட்டபோது, கேட்டவர்கள் அதை வெவ்வேறாக உணர்ந்ததாக 1999இல் நான்சி நீட்ஸெல்ஸ்கி வெளியிட்டார். முதுகலையில் அக்கட்டுரையைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் ஆய்வேடு பேச்சுத்தமிழில் ழகரம் ளகரமாக ஒலிப்பதைப் பற்றியது. அறுநூற்று நாற்பது சொற்பதிவுகளைக் கேட்டு ‘ழ’, ‘ள’ எனக் குறித்திருந்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பேசியவரின் ஊர் இருந்தது. எந்த ஊரில் எந்த ஒலி வரும் என்று எனக்கு முன்பே ‘தெரியும்’.

நெறியாளரிடம் சொன்னேன். கோபப்படவில்லை, “திரும்பச் செய்” என்றார். தோழி கோப்புகளின் பெயரை மாற்றி, வரிசையைக் குலைத்துத் தந்தாள். ஆறு வாரம் பிடித்தது. எழுபத்து மூன்று இடங்களில் என் குறிப்பு மாறியது. அவற்றில் பெரும்பாலானவை என் கருதுகோளுக்குச் சாதகமாக முன்பு விழுந்தவை. நான்காம் இயலின் முடிவு இப்போது அத்தனை பளிச்சென்று இல்லை. ஆனால் அதை எவர் முன்னும் வைக்க எனக்குத் தயக்கமில்லை.

பெடல் ஸ்டீல் இசையை இன்றும் கேட்கிறேன், கருவியின் பெயரைப் பார்க்காமல். ஒலிக்குறிப்புச் செய்துகொண்டிருக்கும் இளைய ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் கோப்பைத் திறக்கும் முன் அதன் பெயரை மாற்றிவிடுங்கள்.