காட்டு வாசலில் ஒரு கேள்வி

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரோடு கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். கோலாலம்பூரின் நடுவிலேயே ஒரு காடு இருக்கிறது என்றால் அவர்கள் நம்பவில்லை. 1906-ஆம் ஆண்டிலேயே காப்புக்காடாக்கப்பட்ட புக்கிட் நானாஸ்தான் அது.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பசியாறப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தோம். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் இது. காலால் தடவி நடக்க, நடைபாதையில் புடைத்த ஓடுகள் பதித்திருக்கிறார்கள்.

கடையில் பக்கத்து மேசையில் வெள்ளைக் கோலோடு ஒரு பெரியவர். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "தாத்தா, டிவியில நாய் வழி காட்டுமே, உங்ககிட்ட இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவரோ சிரித்தார்.

"இருந்தா நல்லதுதாம்மா. ஆனா நாயோட போனா எத்தனை வாசல் திறக்கும்? நீங்க போற காட்டுக்கே என்னால வர முடியுமா, சொல்லு."

அவர் கேட்டது நியாயந்தான். கண் நீரழுத்த நோயால் பார்வையிழந்த ஸ்டீவன்ஸ் சான் என்பவர் 2014-இல் லாஷான் என்ற வழிகாட்டி நாயோடு இந்நகரில் நடந்தபோது, பல வாசல்கள் அவருக்கு மூடியே இருந்தன. பொது இடங்களுக்கும் பொழுதுபோக்குக்கும் உரிமை தரும் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் வழிகாட்டி நாயைப் பற்றிய பேச்சில்லை.

காட்டில் நாய் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. நாய் குரங்கைத் துரத்தும். அதன் நடமாட்டமே பறவைகளை மிரட்டும். நாயின் ஈரம் பட்டால் முறைப்படி கழுவ வேண்டிய முஸ்லிம் அன்பர்களின் மனத்தையும் நாம் மதிக்க வேண்டும். ஆனால் வழிகாட்டி நாய் செல்லப் பிராணி அல்ல. சேணம் பூட்டினால் அது வேலையில் இருக்கிறது. குரைக்காமலும் துரத்தாமலும் இருக்கப் பழக்கப்பட்டது.

அமெரிக்காவில் வாசற்காவலர் இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம்: உடற்குறையின் காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கியது? மிருகக்காட்சி சாலையில்கூட, விலங்குகள் மிரளும் இடங்களில் மட்டும் நாயைத் தடுக்கலாம். மற்ற இடமெல்லாம் திறந்தே இருக்க வேண்டும். இப்படி ஒரு விதி நம் பூங்காக்களுக்கும் ஆகாதா?

புக்கிட் நானாஸில் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, தோழர்கள் கைபிடிக்க நடந்து பார்த்தார்கள். கேள்வி கேட்ட சிறுமி படியில் தடுக்கினாள். "படி இருக்குன்னு இவன் சொல்லவே இல்ல சார்! நாயா இருந்தா நின்னு காட்டியிருக்கும்." உண்மைதான், படி வந்தால் வழிகாட்டி நாய் நின்றுவிடும்.

நாயை விட்டுவிட்டு வா என்றதும், அப்படியானால் சொர்க்கமே வேண்டாம் என்றார் தருமர். அவருக்கு அது வழித்துணை. பார்வையற்றவருக்கோ அதுவே கண். கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று யாரிடமாவது சொல்லலாமா?

அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் கடிதப் பயிற்சி. தலைப்பைப் பிள்ளைகளே எழுதிவிட்டார்கள்: 'பூங்கா அதிகாரி அவர்களுக்கு'.