உழைத்த வண்டிகளும் அவற்றை வாசிப்போரும்: சேலம், நாமக்கல் சமவெளியில் பழைய மோட்டார் சைக்கிள்

சேலம் மாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதிலும், தொழில் என்ற அளவில் இவ்விரண்டையும் உள்ளடக்கிய சமவெளி இன்றும் ஒரே நிலப்பரப்பாகவே இயங்கிவருகிறது. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், சங்ககிரியில் லாரி உரிமையாளர்களும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளும் பெருகியதன் விளைவாக, கடைசல், வெல்டிங், டிங்கரிங் ஆகிய வேலைகள் அறிந்த கைகள் இப்பகுதியின் சிற்றூர்களிலும் கிடைக்கின்றன. இந்தத் திறமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் லாரியோடு நின்றுவிடுகிறார்கள். அதே கைகளாலும் அதே கடைசல் இயந்திரங்களாலும் உயிரோட்டம் பெற்றுக் கைமாறிக்கொண்டே இருக்கும் பழைய மோட்டார் சைக்கிள்கள், எண்ணிக்கையில் மிகுந்திருந்தும், எழுத்தில் இடம் பெறுவதில்லை.

இப்பகுதியில் மோட்டார் சைக்கிள் என்பது ஆள் போக்குவரத்துக்கான சாதனம் மட்டுமன்று. பண்ணையிலிருந்து கடைகளுக்கு முட்டை அட்டைகளையும், தோட்டத்திலிருந்து சங்கத்துக்குப் பால் கேன்களையும், இளம்பிள்ளை போன்ற நெசவூர்களில் நூல் மூட்டைகளையும் சேலைக் கட்டுகளையும் சுமக்கும் வேலை வண்டியாகவும் அது உள்ளது. முப்பது முட்டைகள் கொண்ட ஓர் அட்டை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடையது என்றால், நாற்பது அட்டைகளைக் கட்டிய வண்டி, பின்னிருக்கையில் ஒரு முழு ஆளை எந்நேரமும் ஏற்றிச் செல்லும் வண்டிக்குச் சமம். ஆனால் குழியைக் கண்டால் ஆள் சற்று எழுந்து அதிர்வைத் தாங்கிக்கொள்வார், அட்டை அவ்வாறு செய்யாது. ஆகவே, இங்கு பழைய வண்டி வாங்குபவர் உண்மையில் வாங்குவது ஓர் இயந்திரத்தோடு சேர்த்து அதன் முந்தைய உழைப்பையும்தான்; அந்த உழைப்பை உலோகத்திலிருந்து படித்துச் சொல்லத் தெரிந்தவர் மெக்கானிக்.

விற்பனையின் பெரும்பகுதி, 'ஆட்டோ கன்சல்டிங்' என்று பெயர்ப்பலகை தாங்கிய கடைகளின் வழியே நடைபெறுகிறது. பெயரைக் கண்டு ஆலோசனை வழங்கும் இடம் என்று கருத வேண்டியதில்லை. பழைய வண்டிகளை வாங்கி, துடைத்து, விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் அது. கடன் தவணை தவறியதால் நிதி நிறுவனத்தார் கைப்பற்றிய, பேச்சுவழக்கில் 'சீசிங் வண்டி' எனப்படும் வண்டிகளும் ஏலத்தின் வழியாக இக்கடைகளுக்கு வந்து சேருகின்றன. வட்டித் தொழில் வேரூன்றிய இந்த வட்டாரத்தில் அத்தகைய வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. தவணை கட்ட இயலாதவர் ஆயில் மாற்றவும் இயலாதவராகவே இருந்திருப்பார் என்பதால், விலை குறைவாக இருக்கும் சீசிங் வண்டியை மெக்கானிக்குகள் சற்றுக் கூடுதல் ஐயத்துடன் அணுகுவது நியாயமானதே. பழைய வண்டி வணிகர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்றும், விற்பனைக்காகத் தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவர் என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது. அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவர் அச்சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கடைக்காரர் வண்டியை அறிமுகப்படுத்தும் வாசகம் பெரும்பாலும் ஒன்றேதான்: "சிங்கிள் ஓனருங்க, வாத்தியார் ஓட்டுன வண்டி, பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வீட்டுக்கு வந்துரும்." இக்கூற்றுகள் அனைத்தும் உண்மையாயின், இரு மாவட்டங்களிலும் ஆசிரியர்களின் தொகை மாணவர்களின் தொகையை எட்டியிருக்க வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரையும் அதே அளவுக்குத்தான் நம்ப முடியும். கேபிள் அறுந்து ஆண்டுக்கணக்கில் நின்றுபோன மீட்டர்கள் பல, மாற்றிப் பூட்டப்பட்டவை சில. தேர்ந்த மெக்கானிக் மீட்டரைப் பார்ப்பதே இல்லை. அவர் முதலில் குனிந்து பார்ப்பது பிரேக் பெடலின் முகப்பையும், கிக்கர் ரப்பரையும், கால்மிதியையும்தான். இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் பெடலின் வரிப்பள்ளங்கள் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரின் சாட்சியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்து அவர் கேரியர் பொருந்தும் இடத்தையும் பின்புற சேஸின் வெல்டிங் மூட்டுகளையும் விரலால் தடவிப் பார்க்கிறார்; பால் கேன் கொக்கிகள் உராய்ந்த வடு, புதிதாக அடித்த பெயிண்டுக்கு அடியிலும் தட்டுப்படும். பின்சக்கரத்தைக் கையால் பிடித்து இடவலமாக அசைக்கும்போது 'லொடக்' என்ற ஆட்டம் தெரிந்தால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது என்றும், வண்டி பாரம் அடித்தது என்றும் பொருள் கொள்ளப்படுகிறது.

வண்டியின் முன்பகுதிக்குரிய சோதனை வேறானது. நடு ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது, நேர்நிலையில் அது ஒரு பள்ளத்தில் விழுவதுபோலத் தங்கினால் 'கோன்செட்' போய்விட்டது. கோன்செட் என்பது ஹேண்டில் தண்டு சுழல்வதற்கு மேலும் கீழும் அமைந்த பால்ஸ் கிண்ணங்கள். அதன் செலவு பெரிதன்று. ஆனால் நேராக ஓடும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஃபோர்க் பெண்டு அல்லது சேஸ் பெண்டு, அதாவது விபத்தில் வளைந்த வண்டி என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கும்; அத்தகைய வண்டியை எந்த விலைக்கும் புதியவர் வாங்காமலிருப்பதே நல்லது.

என்ஜினைப் பொறுத்தவரை, வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது விதி. வாங்க வருபவர் கடையை அடையும் முன்பே என்ஜின் சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால், ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் மறைக்கப்படுகிறது என்று கொள்ளலாம். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறையும் வெண்புகை வெறும் நீராவி. கரும்புகை பெட்ரோல் மிகுதியாக எரிவதன் அடையாளம். நீலம் பாய்ந்த புகைதான் ஆயில் எரிவதைக் காட்டுவது. அந்த நீலப்புகையிலும், நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை வந்து அடங்குவது வால்வு சீலின் பழுது என்றும், ஆக்சிலேட்டரை முறுக்கும்தோறும் தொடர்வது பிஸ்டன் ரிங்கின் தேய்வு என்றும் மெக்கானிக்குகள் பிரித்தறிகிறார்கள். கழற்றிய பிளக்கின் நுனி இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சீராக உள்ளது. ஈரக் கரி படிந்திருந்தால் ஆயில் மேலேறுகிறது.

ரிங் தேய்ந்த என்ஜின் இறுதியில் சென்று சேரும் இடம் கடைசல் பட்டறை. லாரித் தொழில் இந்தச் சமவெளிக்கு அளித்த கொடைகளில் மோட்டார் சைக்கிளுக்கு மிகவும் பயன்பட்டது இதுவே. 1994இல் அறிமுகமாகி இந்தச் சாலைகளை நிறைத்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை எடுத்துக்கொண்டால், அதன் சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், கொள்ளளவு 97.2 சிசி. ஏறக்குறையப் படுத்தவாறு அமைந்த அந்த என்ஜின், ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பிஸ்டன் மேலேறித் திரும்பும் இடத்துக்கு அருகில்தான் சிலிண்டரின் தேய்வு மிகுதி. ரிங் தொடாத மேல் விளிம்பு மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிடுவதால் அங்கே நுண்ணிய படி ஒன்று உருவாகிறது. பட்டறைக்காரர் பெட்ரோலில் கழுவித் துடைத்த சிலிண்டருக்குள் நகத்தை மேல்நோக்கி இழுக்கையில் அது அந்தப் படியில் தட்டினால், அளவுக் கருவியை எடுக்கும் முன்பே அவருக்கு விடை தெரிந்துவிடுகிறது. எனினும் அவர் கருவியை எடுக்கத் தவறுவதில்லை. உருளையின் நீள்வட்டத்தன்மையை நகம் அறியாது என்பதால், மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கு நெடுக்காக இருமுறையும் டயல் கேஜால் அளக்கப்படுகிறது. அதன்பின் சிலிண்டர் அடுத்த அளவுக்குக் கடையப்படும். இதற்கு 'போர் போடுதல்' என்று பெயர். கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று என்ற படிநிலைகளில் பெரிய பிஸ்டன்கள் கடைகளில் கிடைப்பதால், பிஸ்டனை முதலில் வாங்கி வந்து, அந்தக் குறிப்பிட்ட பிஸ்டனை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுக் கடைவதே முறை. அந்த இடைவெளி மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே. முடிவில் ஹோனிங் கல் ஏற்றிச் சுழற்றும்போது சுவரில் விழும் குறுக்குமறுக்கான மெல்லிய கோடுகள் வேலைக் குறைபாடு அல்ல. ஆயில் தங்குவதற்காக வேண்டுமென்றே இடப்படுபவை. புதிதாகப் போர் போட்ட வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர்கள் மிதமான வேகத்தில், பாரமின்றி ஓட்ட வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லியனுப்புவார். மறுநாளே முட்டை ஏற்றப்போகும் உரிமையாளர் தலையை மட்டும் ஆட்டிச் செல்வதையும் அங்கு காணலாம்.

டிவிஎஸ் மொபெட்டுகளுக்கு இந்த விதிகள் அவ்வளவாகப் பொருந்தா. ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50 முதல் எக்ஸ்எல் சூப்பர் வரையிலானவை டூ ஸ்ட்ரோக் வகையின; பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே எரிப்பவை என்பதால் புகை அவற்றின் இயல்பு. அவற்றின் நோய் சைலன்சரில் கரி அடைப்பது. இழுவை குறைந்த மொபெட்டின் சைலன்சரைக் கழற்றித் தீயிலிட்டு, கரியைத் தட்டி உதிர்த்த பின் வண்டி பழைய வேகத்துக்குத் திரும்புவது பட்டறை வாசல்களில் அன்றாடக் காட்சியாக இருந்தது. 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினுடன் எக்ஸ்எல் 100 வந்த பிறகு அந்த வேலை மெல்ல அருகிவருகிறது.

உலோகத்தைப் போலவே தாளும் படிக்கப்பட வேண்டியது. ஆர்சி புத்தகத்திலுள்ள சேஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பொறித்த இடம் ராவப்பட்டோ மீண்டும் அடிக்கப்பட்டோ உள்ளதா என்று பார்ப்பது முதல் வேலை. டி.என். 28 நாமக்கல்லையும், டி.என். 34 திருச்செங்கோட்டையும், டி.என். 52 சங்ககிரியையும், டி.என். 30, 54 ஆகியவை சேலத்தையும் குறிப்பதால், வண்டி எந்த ஊரில் பிறந்து எங்கு விற்பனைக்கு வந்துள்ளது என்பதையும் பதிவெண் பலகையிலிருந்தே கேட்கத் தொடங்கலாம். ஆர்சியில் 'எச்.பி.' என்ற பதிவு இருந்தால், வண்டி நிதி நிறுவனத்துக்கு ஈடாக உள்ளது என்று பொருள். கடன் தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35உம் இன்றிப் பெயர் மாற்றம் நடைபெறாது. பெயர் மாற்றத்துக்குரிய படிவங்கள் 29, 30. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 50ஆம் பிரிவின்படி மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதை விற்பவர்களே அலட்சியப்படுத்துவது வியப்புக்குரியது. ஏனெனில் பலமுறை கைமாறிய வண்டியால் நேர்ந்த விபத்துக்கும் பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் வழக்கம் இந்த வட்டாரத்தில் இன்னும் ஒழியவில்லை. பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதும், அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதும் பழைய வண்டியின் விலையைப் பேசும்போதே கணக்கில் சேர வேண்டியவை.

வாங்கிய பின் செய்யவேண்டிய பராமரிப்பில் பெரிய இரகசியம் ஏதுமில்லை. முன்னவர் எப்போது மாற்றினார் என்ற பேச்சை நம்பாமல், என்ஜின் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் முதல் நாளே மாற்றிவிடுவது இங்குள்ள மெக்கானிக்குகளின் ஒருமித்த அறிவுரை. கல் குவாரிகளும் கிரஷர்களும் சூழ்ந்த சாலைகளில் ஏர் ஃபில்டர் புத்தகம் சொல்லும் காலத்துக்கு முன்பே அடைத்துக்கொள்கிறது. செயினை மட்டும் புதிதாக்கி, பற்கள் கூராகிச் சாய்ந்துபோன பழைய ஸ்பிராக்கெட்டை விட்டுவைப்பது வீண் சிக்கனம். புதுச் செயினைப் பழைய பல் சில மாதங்களில் தின்றுவிடும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் கொல்லிமலைக்குச் சமவெளி வண்டியை எடுத்துச் செல்வோர், இறங்கும்போது கியரைக் குறைத்து என்ஜினின் இழுவையைப் பயன்படுத்தாமல் பிரேக்கையே மிதித்து வந்தால், டிரம்முக்குள் உள்ள பிரேக் ஷூ சூடேறிக் கண்ணாடிபோல் வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கும்.

இவ்வேலைகளைச் செய்வோரில் பலர் பள்ளியிறுதியைத் தாண்டாதவர்கள். பட்டறையில் 'பையனாக'ச் சேர்ந்து, பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவதில் தொடங்கி, ஆண்டுகள் கழித்து என்ஜின் பிரிக்கும் உரிமை பெற்று, பின்னர் தனிப்பட்டறை போடுவது அவர்களின் பாதை. கையுறையின்றிப் பெட்ரோலில் ஊறிய விரல்களின் தோல் வெடிப்பு அவர்களிடையே தொழில் அடையாளம்போலவே கருதப்படுகிறது; அதை நோயாகக் கருதி மருத்துவரிடம் செல்வோர் குறைவு. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 மாசு வரம்பு, கார்புரேட்டரை அகற்றி, கணினி வழியே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கொண்டுவந்தபோது, காதால் கேட்டு ஐடிலிங் திருகைத் திருப்பிய கைத்திறனுக்கு அவ்வண்டிகளில் வேலையில்லாமல் போயிற்று. ஸ்கேனர் கருவி வாங்கியவர்கள் புதிய வண்டிகளுக்கும், வாங்காதவர்கள் பழையவற்றுக்கும் என்று பட்டறைகள் பிரிந்துவருகின்றன. 2020க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிக்குப் பழைய சந்தையில் நீடிக்கும் மதிப்புக்கு, எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம் என்ற இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

ஆனால் அதே வண்டிகளையே வேறொரு மாற்றம் நெருக்குகிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. அவ்வளவு எத்தனாலுக்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களும் சீல்களும் உப்பி இளகுவதும், எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நெடுநாள் ஓடாத வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தில் பச்சையும் வெண்மையுமாகப் படிவு சேர்ந்து ஜெட் துளை அடைவதும் மெக்கானிக்குகளின் அன்றாடப் பேச்சாகிவிட்டன. அந்த எத்தனாலின் ஒரு பகுதி மக்காச்சோளத்திலிருந்து வடிக்கப்படுகிறது. மக்காச்சோளமோ நாமக்கல் கோழிகளின் முதன்மைத் தீவனம். ஆலைகளின் தேவையால் தீவன விலை ஏறுகிறது என்று பண்ணையாளர்கள் முறையிட்டுவருகிறார்கள். இவ்வாறு முட்டை சுமக்கும் வண்டியின் டேங்கும் முட்டையிடும் கோழியின் தொட்டியும் ஒரே தானியத்துக்குப் போட்டியிடும் நிலையில், பழைய வண்டி வைத்திருப்பவர் செய்யக்கூடியது எளியது: வண்டியைச் சில வாரங்கள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, மீந்திருப்பதை வடித்துவிட வேண்டும், வெடித்தோ இளகியோ போன பெட்ரோல் டியூபை ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும்.