கட்டி தட்டாமல் கட்டி வளர்க்கிற ஊர்

டெட்ராய்ட்டிலிருந்து முக்கால் மணி நேரம் ஆன் ஆர்பருக்கு. ஜனவரி மாதம். காரை விட்டு இறங்கியதும் மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக்கொண்டது. மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றுகிற ஆள் நான். இங்கே மைனஸ் 16!

ஆய்வகத்துக்குள் ஸ்பிரிட் வாடை. ஊசி போடுமுன் பஞ்சில் துடைப்பார்களே, அதே வாடை. ஆராய்ச்சி மாணவரான நம்மூர்த் தம்பி இன்குபேட்டரைத் திறந்தார். 37 டிகிரி, ஈரக்காற்று. முகத்தில் மோதியது சாட்சாத் சித்திரை வெயில்! வெளியே மனிதர்கள் விறைக்க, மார்பகப் புற்றுச் செல்கள் மட்டும் மதுரைச் சூட்டில் சொகுசாக இருக்கின்றன.

பெயர் எம்.சி.எஃப்-7. மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன் என்பதன் சுருக்கம். 1970இல் ஒரு கன்னியாஸ்திரியின் நெஞ்சில் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்து, 1973இல் டெட்ராய்ட்டிலிருந்து அறிவித்தார்கள். அந்த அம்மா போய் அரை நூற்றாண்டாகிறது. அவர் செல்களோ ரோஸ்மில்க் நிறத் திரவத்தில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

மார்பகச் செல்களை ஒட்டவிடாமல் மிதக்கவிட்டு, உருண்டைகளாக வளர்க்கும் முறையை 2003இல் வெளியிட்ட கேப்ரியேலா டொன்டு, மேக்ஸ் விச்சா குழுவினர் இந்த ஊர்க்காரர்கள்தான். ஒற்றைச் செல் பெருகி ஓர் உருண்டையாக வேண்டும். அப்போதுதான் எத்தனை செல்லுக்கு விதை வீரியம் உண்டென்று எண்ண முடியும். இவையோ திருவிழாவில் தொலைந்து கிடைத்த பிள்ளைகள் மாதிரி, பக்கத்தில் இருப்பதைக் கட்டிக்கொள்கின்றன. நாலு ஒட்டி உருண்டையானால் கணக்கே பாழ்.

"உப்புமாவுல ரவை கட்டி தட்டுற மாதிரியா தம்பி?"

"அதேதாண்ணே!"

அப்புறம் நடந்தது சமையல்தான். செல்கள் கைகோக்கக் கால்சியம் வேண்டுமாம். ஆகவே கால்சியமில்லாத உப்புநீரில் கழுவல். என்சைம் விட்டுப் பிரித்தல். சன்ன ஊசி வழியே மெல்ல இழுத்து மெல்லத் தள்ளல். முரட்டுத்தனம் கூடாது. செத்த செல்லிலிருந்து சிந்தும் டி.என்.ஏ. கோந்தாகி மிச்சத்தையும் ஒட்டிவிடும். அதைக் கரைக்க இன்னொரு என்சைம். பிறகு சல்லடை. ஓட்டை 40 மைக்ரான், தலைமுடியைவிடச் சன்னம்! அம்மாவின் மாவுச் சல்லடை வெட்கப்படும். அப்படிச் சலித்தும் மைக்ராஸ்கோப்பில் அங்கங்கே இரட்டையர்கள் சிரிக்கிறார்கள். மறுபடி ஊசி.

தட்டில் நெருக்கிப் போடக்கூடாது. மில்லிக்கு ஆயிரம், அதற்கும் குறைவு. சில தட்டுகளில் மெத்தில்செல்லுலோஸ் கலந்தார். கஞ்சிபோலக் கொழகொழவென்று இருப்பதால் செல்கள் நகர்ந்துபோய்ச் சேர முடியாது.

கஞ்சி கலக்காத தட்டு ஒன்றை நம்பி என் கையில் கொடுத்தார். டீ டம்ளரைச் சுழற்றும் பழக்கத்தில் லேசாக ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

"ஐயோ, ஆட்டாதீங்கண்ணே!"

சுழற்றினால் செல்கள் எல்லாம் தட்டிலுள்ள குழியின் நடுவில் போய்க் குவிந்துவிடுமாம். அந்தத் தட்டு தனியே ஒதுங்கியது. மற்றவற்றை அவரே, தூளியில் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். ஒரு வாரத்துக்கு யாரும் தொடக்கூடாது. கதவில் சீட்டு ஒட்டினார்: ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தமிழில் 'ஆட்டாதீர்கள்'.

அந்த ஆய்வகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டுந்தான்.